கடையில் கிடைக்கும் மீனுக்குக் காடு எதற்கு?

இலங்கையின் சிங்கராஜ வனத்துக்குக் குடும்பத்துடன் போய்வந்த ஒருவர் இங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். குடாவ வாயிலில் டிக்கெட் எடுத்து, வழிகாட்டியுடன் நடந்து போகும்போது ஓடையில் சின்னச் சின்னச் சிவப்பு மீன்களைக் கண்டிருக்கிறார்கள். மகன் இரண்டு மீன்களைத் தண்ணீர்ப் போத்தலில் பிடிக்கப் பார்த்தான். வழிகாட்டி கடுமையாகத் தடுத்துவிட்டார். "அதே மீன் எங்கள் ஊர் அலங்கார மீன் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. பிறகு எதற்கு இந்தக் கெடுபிடி? மரங்களைக் காக்க ஒதுக்கிய காட்டில் மீனுக்கும் காவல் எதற்கு?" என்பது அவர் எழுதியது. சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் அவர் கேட்டிருந்தால் இரண்டு வரியில் பதிலை முடித்திருக்கலாம். 1988ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமை வனாந்தரப் பிரதேசச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் இடம் அது. அங்கிருந்து ஓர் இலையையோ ஓர் உயிரையோ அனுமதியின்றி எடுத்துவர முடியாது. ஆனால் அவர் கேள்விக்குள் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் பெருகி வாழும் ஓர் உயிருக்கு, அது பிறந்த காடு இன்னும் தேவைதானா? இது நியாயமான கேள்வி. மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள், மீன் வளர்ப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள், சில அதிகாரிகளும் கேட்டிருக்கிறார்கள்.

நான் நன்னீர் மீன்களைப் படித்து, அதையே கற்பித்து, தென்மேற்கு ஈரவலயத்தின் ஓடைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். மீன், நண்டு, நீர் ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதை உறுதியுடன் சொல்வேன். மரங்களைப் பற்றி நான் சொல்லப்போவது தாவரவியல் நண்பர்களுடன் நடந்து கேட்டதும், அவர்களின் ஆய்வுகளைப் படித்து அறிந்ததும். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் கண்ட மீன் எது என்று பார்ப்போம். இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். உடல் முழுவதும் சிவந்து, மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை ஒரு கரிய பட்டை நெடுக ஓடியிருந்தால் அது செர்ரி பார்ப். சிங்களத்தில் லே தித்தையா. பெரியதாக வளர்ந்தாலும் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. தலையும் முன்னுடலும் மாதுளை முத்துப்போல் சிவந்து, பின்பாதி கறுத்திருந்தால் அது பிளாக் ரூபி பார்ப் எனப்படும் புலத் ஹப்பயாவின் ஆண், அதுவும் இனப்பெருக்க நிறத்தில் இருக்கும் ஆண். மற்ற நேரங்களில் அதுவும் அதன் பெண்ணைப் போலவே மஞ்சள் கலந்த உடலில் செங்குத்தான கரும்பட்டைகளோடு சாதாரணமாக இருக்கும். இரண்டுமே இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதவை. களனி கங்கையிலிருந்து நில்வலா கங்கை வரையான தென்மேற்கு ஆற்றுப் படுகைகளின் நிழல் ஓடைகள்தான் இவற்றின் முழு உலகம். செர்ரி பார்ப்பை 1929இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பி. ஈ. பி. தெரணியகல. பின்னாளில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தவர்.

இனி அந்த இடத்தைப் பற்றி. சிங்கராஜ வனம் சப்ரகமுவ, தென் மாகாணங்களின் எல்லையில், இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஒடுங்கிய மலைத்தொடர்க் காடு. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளம். வடக்கு தெற்காக அகலம் அதைவிட மிகக் குறைவு. 1978இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 1988இல் 8,864 ஹெக்டேர் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது, சில பகுதிகளில் 5,000ஐத் தொடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் நனைக்கிறது, வடகிழக்குப் பருவக்காற்றும் நனைக்கிறது; வறண்ட மாதம் என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே கணக்கெடுக்கப்பட்ட 211 மர, கொடி இனங்களில் 139 இத்தீவுக்கு மட்டுமே உரியவை. தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் ஹொர மரங்கள். அதற்கு மேலே நா மர வகைகளும் பெரலிய, துன் எனப்படும் ஷோரியா வகைகளும். இந்த ஷோரியாக்களின் விதைகள் பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே விழுகின்றன. நெல்லைப்போல் உலர்த்திச் சேமித்து அடுத்த பருவத்துக்கு வைக்க முடியாதவை. விழுந்த சில வாரங்களில் முளைக்க வேண்டும், இல்லையேல் அழுகிவிடும். அதனால்தான் ஒரு மலைச்சரிவை மொட்டையடித்துவிட்டு, பிறகு எங்கிருந்தோ விதை கொண்டுவந்து பழைய காட்டை உண்டாக்கிவிடலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

காட்டின் வடசரிவில் பிறக்கும் நீர் கொஸ்குலன கங்கை போன்ற ஓடைகள் வழியாகக் களு கங்கைக்குப் போகிறது. தென்சரிவின் நீர் ஜின் கங்கைக்குப் போகிறது. காலிப் பகுதி மக்கள் குடிக்கும் நீரில் ஒரு பங்கு இந்தக் காட்டில் பெய்த மழைதான்.

மீனுக்கும் மரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டீர்கள். என் பதிலின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அடர்ந்த காட்டுக்குள் ஓடும் ஓடையில் வெயில் விழுவதில்லை. வெயில் இல்லாத இடத்தில் பாசி அதிகம் வளராது. நீரும் மழையில் கழுவப்பட்ட பழைய பாறைகளின் மேல் வருவதால் உப்புச் சத்துகள் குறைந்தது, சற்றே அமிலத்தன்மை கொண்டது. அப்படியானால் அதற்குள் வாழ்பவை எதைத் தின்று வாழ்கின்றன? மேலிருந்து விழுவதைத்தான். ஓர் இலை ஓடையில் விழுந்ததும் முதலில் அதன் மேல் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் படர்ந்து அதை மென்மையாக்குகின்றன. பிறகு நண்டும் சிறு இறாலும் பூச்சிகளின் இளம்பருவங்களும் அதைக் கிழித்துத் தின்கின்றன. அவை தின்று உதறியதும் கழித்ததும் துகளாகி அடியில் படிகின்றன. செர்ரி பார்ப் அடியில் மூக்கைக் குத்திக் குத்தி மேய்வது அந்தத் துகளைத்தான். அதோடு இலை மேல் ஒட்டும் நுண்பாசிகளையும் கொசு, ஈ வகைகளின் புழுக்களையும் சேர்த்துத் தின்னும். கிளையிலிருந்து தவறி விழும் எறும்பும் கரையானும் மேல்நீர் மீன்களுக்குப் போகும். ஆக, அந்த ஓடைக்குச் சமையல் முழுவதும் மரங்களின் உச்சியில் நடக்கிறது. மரத்தை வெட்டினால் நிழல் போவது மட்டுமன்று, உணவே போய்விடும். நீர் சூடாகும், பாசி மண்டும், கரை சரிந்து மண் இறங்கும், கற்களுக்கிடையிலான இடுக்குகள் சேற்றால் அடைபடும். அந்த இடுக்குகளில்தான் முட்டையும் குஞ்சும் பூச்சிகளும் இருந்தன.

ஒரு தெளிந்த மடுவின் ஓரத்தில் பாறை மேல் குப்புறப் படுத்துப் பத்து நிமிடம் அசையாமல் பார்த்தால் இதையெல்லாம் நேரிலேயே காணலாம். முதலில் தென்படுவது கல்லை உறிஞ்சிக்கொண்டிருக்கும் கல் பாண்டியா: தட்டையான வயிறு, கீழ்நோக்கிய வாய், வெள்ளம் வந்தாலும் கல்லைவிட்டு விலகாது. பிறகு கூழாங்கற்களுக்கிடையில் கோடு போட்ட அயிரை வகை மீன் ஒன்று முன்னேறி நின்று முன்னேறி நிற்கும். கரையோர வேர்களுக்குள் தல் கொஸ்ஸா, வாலின் நுனியில் சீப்புப் பற்கள்போல் நீண்ட கதிர்களோடு. பழுப்பு இலைக் குவியலுக்கு அடியில் இருந்து எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போவது கொள கணயா, நம் விராலின் சிறிய உறவினம். அதற்கு வயிற்றுத் துடுப்புகளே கிடையாது, முட்டைகளையும் குஞ்சுகளையும் ஆண் மீன் வாய்க்குள் வைத்துக் காக்கும். கண் பழகியபின் ஒரு நண்டும் தெரியும். அந்த நண்டைத் தயவுசெய்து சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் உண்டு. ஏறத்தாழ எல்லாமே இத்தீவுக்கு மட்டும் உரியவை. கடல் நண்டைப்போல் இவற்றுக்கு நீரில் மிதந்து பரவும் இளம்பருவம் இல்லை. முட்டையிலிருந்து முழு நண்டுக் குஞ்சாகவே வெளிவந்து, தாயின் வயிற்று மடிப்புக்குள் சில காலம் இருந்து, அங்கேயே இறங்கி நடக்கும். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போக வழியில்லாமல், மலைக்கு ஒரு நண்டாகப் பிரிந்து நிற்கின்றன. அந்த ஒரு மலையின் ஓடை கெட்டால் அந்த இனத்துக்கு வேறு முகவரி இல்லை.

நீங்கள் அலங்கார மீன் கடையைப் பற்றிப் பேசியதால் நீர்த்தாவரங்களையும் சொல்லியாக வேண்டும். தொட்டிக்கென்று கடைகளில் விற்கும் கிரிப்டோகொரைன் செடிகளில் பலவற்றின் தாயகம் இலங்கையே. அவற்றுள் சில தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளில் மட்டும், அதுவும் மிகச் சில இடங்களில் மட்டும் வளர்பவை. இவற்றின் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. சேம்பின் குடும்பம் என்பதால் பூ ஒரு நீண்ட குழல் வடிவ மடலுக்குள் இருக்கும். குழலின் அடியறை நீருக்குள், மண்ணை ஒட்டி. மேல்வாய் மட்டும் நீர்மட்டத்துக்கு வெளியே முறுக்கிக்கொண்டு நிற்கும். அதன் வாடைக்கு மயங்கிய சிறு ஈ குழல் வழியே அடியறைக்கு இறங்கிவிடும். பெண் பூக்கள் மகரந்தம் பெற்று, ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்த்த பிறகுதான் அதற்கு வெளியேறும் வழி திறக்கும். இந்த ஏற்பாடு முழுவதும் நீர்மட்டம் குறையும் சில வாரங்களை நம்பி நடக்கிறது. மேலே எங்கோ ஓர் அணை கட்டி நீர்மட்டத்தை நம் வசதிக்கு ஏற்றி இறக்கினால், செடி உயிரோடு இருக்கும், இலை விடும், ஆனால் பூ நீருக்குள் மூழ்கிவிடும், விதை வராது. பார்ப்பவருக்குக் காடு பச்சையாகவே தெரியும். அரிய தாவரங்களுக்கு நேரும் தீங்கில் பெரும்பகுதி இப்படிச் சத்தமில்லாதது.

தொட்டி மீன் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் செர்ரி பார்ப் பல தலைமுறைகளாகப் பண்ணைகளில் பெருக்கப்பட்டது. அடர் சிவப்பாக, உலர் உணவு தின்பதாக, நெரிசலில் சாகாததாக மனிதக் கை தெரிந்தெடுத்தது. நீண்ட துடுப்புள்ள செர்ரி பார்ப்பும் வெளிறிய பிளாக் ரூபியும்கூடக் கடைகளில் உண்டு. காட்டில் அவை ஒருநாள் தாங்கா. காட்டு மீனோ ஆற்றுக்கு ஆறு வேறுபட்டது. அண்மை ஆண்டுகளின் மரபணு ஆய்வுகள், ஒரே பெயரில் நாம் அழைக்கும் பல மீன்கள் ஆற்றுப் படுகைக்கு ஒரு கூட்டமாக நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்திருப்பதைக் காட்டுகின்றன. பண்ணையில் உள்ளது எந்த ஆற்றின் மீன் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பெரும்பாலும் பல ஆறுகளின் கலப்பு. ஆகவே "காடு அழிந்தாலும் தொட்டியிலிருந்து திரும்ப விடலாம்" என்பது மீன் அளவில் நடக்காது. ஓடை அளவில் கேட்கவே வேண்டாம்: விடுவதற்கு நிழல் வேண்டும், இலை வேண்டும், அந்த இலையைக் கிழிக்க நண்டு வேண்டும். அவற்றை எந்தப் பண்ணையும் வளர்ப்பதில்லை.

இரண்டு மீனைப் பிடித்ததால் அந்த ஓடை அழிந்துவிடுமா? உண்மையைச் சொல்வதென்றால், அழியாது. மழைக்காலத்தில் ஒரு வெள்ளம் அதைவிட அதிகம் அடித்துக்கொண்டு போகும். உங்கள் மகன் குற்றவாளியும் அல்லன். ஆனால் விடுமுறை நாளில் அந்தப் பாதையில் எத்தனை பேர் போகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் கையில் போத்தல் இருக்கிறது என்பதை வழிகாட்டி அறிவார். இன்னொன்றும் அவருக்குத் தெரியும்: இரண்டு மீன் என்று தொடங்கும் பேச்சுக்குப் பின்னால் சில நேரம் வியாபாரி நிற்பான். இந்த மீன்கள் ஒரு காலத்தில் ஏற்றுமதிக்காக ஓடைகளிலிருந்தே பெருமளவில் பிடிக்கப்பட்டவை. வழிகாட்டி காட்டும் கடுமை காட்டைச் சுற்றி வாழ்பவர்களின் அனுபவத்திலிருந்து வந்தது. வல்லப்பட்டை மரங்கள் அகர் வாசனைக்காகத் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டதை அந்தக் கிராமத்தவர்கள் கண்டார்கள். சாதாரண மரம் என்று யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்றுக்குத் திடீரென்று வெளிநாட்டில் விலை வந்ததும், சில ஆண்டுகளில் அது தேடித் தேடி வெட்டப்பட்டது. மரமஞ்சள் கொடிக்கும் இதே கதைதான். மருந்துக்கென்று அறுக்கப்படும் அந்தக் கொடி தடிக்கப் பல ஆண்டுகள் ஆகும், அறுக்க ஐந்து நிமிடம் போதும்.

மீன்கள் குறைந்ததற்குப் பிடித்து விற்றது எவ்வளவு காரணம், வாழிடம் கெட்டது எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. என் கணிப்பில் வாழிடமே பெரிய காரணம். பிடிப்பது நின்ற ஓடைகளில், நிழல் மிச்சமிருந்தால் மீன் மீண்டு வந்திருக்கிறது. நிழல் போன ஓடைகளில் யாரும் பிடிக்காவிட்டாலும் மீன் இல்லை. இது என் கள அனுபவத்திலிருந்து வரும் கணிப்பு. புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் குடாவவிலிருந்து நடந்த அகன்ற பாதையே ஒரு சாட்சி. அது சுற்றுலாவுக்காக வெட்டப்பட்டதன்று. 1970களில் கொஸ்கம ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் கொண்டுபோக இயந்திரங்கள் போட்ட வீதி. பெரிய மரங்கள் தெரிந்தெடுத்து வெட்டப்பட்டன. இயற்கை ஆர்வலர்களும் அறிவியலாளர்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் வெட்டு நிறுத்தப்பட்டது. இந்த நாட்டில் மக்கள் குரலுக்காக ஒரு காட்டின் அழிவு பாதியில் நின்ற அரிய நிகழ்வு அது, அதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணதிலக்க தம்பதியர் போன்றவர்கள் இந்தக் காட்டைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். 1993இல் அங்கே 25 ஹெக்டேர் நிலத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி அளக்கும் நீண்டகால ஆய்வு தொடங்கியது. காட்டோரத்தில் நடப்பட்ட பைன் மரங்களுக்கிடையே இடம் திறந்து உள்நாட்டு மழைக்காட்டு மரங்களை வளர்க்க முடியும் என்பதையும் அவர்களின் சோதனைகள் காட்டின. வெட்டப்பட்ட பகுதி மீண்டதா என்றால், பெருமளவு மீண்டிருக்கிறது. ஆனால் இயந்திரம் ஏறி மண் இறுகிய இடங்களில் இன்றும் வேறு மாதிரியான, பழைய காட்டைவிடக் குள்ளமான காடுதான் நிற்கிறது. வெட்டுக்கு முன் அந்த ஓடைகளில் எந்த மீன் எவ்வளவு இருந்தது என்ற முறையான கணக்கு இல்லாததால், மீன்கள் முழுமையாக மீண்டனவா என்பதை ஒப்பிட்டுச் சொல்ல வழியில்லை.

காப்பகம் என்று கோடு போட்டுவிட்டால் நீர் உயிர்கள் பிழைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சிங்கராஜவுக்கு ஒரு நல்லூழ் உண்டு: அது மலைமுகட்டில் இருக்கிறது. ஓடைகள் அதற்குள் பிறந்து வெளியே போகின்றன. வெளியிலிருந்து அழுக்கு உள்ளே வருவது குறைவு. ஆனால் அதே காரணத்தால் அது காப்பது தலைநீர் மீன்களை மட்டுமே. மேலே போகப் போக மீன் இனங்கள் குறையும். அருவி ஒவ்வொன்றும் ஒரு மதில். இலங்கையின் மிக அரிய நன்னீர் மீன்கள் பல, காப்பகங்களுக்கு வெளியே, தாழ்நிலத்தில், வயலுக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் இடையில் வாழ்கின்றன. 1991இல் விவரிக்கப்பட்ட பண்டுல பார்ப் கேகாலை மாவட்டத்தின் கலபிடமடவில் ஒரே ஒரு சிற்றோடையிலிருந்துதான் அறியப்பட்டது. அதன் கரைகளில் மக்கள் பயிர் செய்கிறார்கள், மருந்து தெளிக்கிறார்கள். அதைக் காக்க ஊராருடன் சேர்ந்தும், வேறோர் ஓடையில் விட்டுப் பெருக்கியும் முயற்சிகள் நடந்தன. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தனிப் பேரினமான மல்புலுத்தா, நிழல் சூழ்ந்த தாழ்நிலச் சதுப்போடைகளில் வாழ்வது. அந்த ஓடைகளை நாம் கான் வெட்டி வடித்துக்கொண்டிருக்கிறோம். சிங்கராஜவில் எவ்வளவு கண்டிப்பாகக் காவல் காத்தாலும் இவற்றுக்கு ஒரு பயனும் இல்லை.

எல்லைக் கோட்டைத் தாண்டிப் போகும் மீனும் உண்டு. உதட்டில் சிவப்புத் தீற்றியது போலிருக்கும் ஒரு சிறு உளுவை வகை தென்மேற்கின் பாறை ஓடைகளில் இருக்கிறது. இந்த உளுவைகளின் கூட்டத்தில் பொதுவான வாழ்க்கை இப்படி: முட்டை ஓடையில் பொரியும், மிக நுண்ணிய குஞ்சுகள் நீரோடு கடலுக்கு இழுபட்டுப் போகும், கடலில் சில காலம் வளர்ந்து, மீண்டும் ஆற்று வாயில் நுழைந்து, வயிற்றுத் துடுப்புகள் சேர்ந்து உருவான உறிஞ்சியால் ஈரப்பாறையைப் பற்றிப் பற்றி அருவிகளில் ஏறும். மலையோடையில் இந்த மீனைக் காக்க வேண்டுமானால் கடல் வரை வழி திறந்திருக்க வேண்டும். சிறு நீர்மின் நிலையங்களில் எனக்குள்ள கவலையின் வேர் இதுதான். அவற்றின் அணைக்கட்டு சிறியதுதான், புகையும் இல்லை. ஆனால் அருவியின் தலையில் நீரை மறித்துக் குழாயில் போட்டு, கீழே மின்னியந்திரம் வரை கொண்டுபோகிறார்கள். இடையில் உள்ள ஓடை வறண்ட பாறையாகிவிடும். சிறிதளவு நீரைக் கட்டாயம் விட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மழை குறைந்த மாதங்களில் அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று போய்ப் பார்க்க ஆள் போதாது. 2021இல் வனத்துக்குள்ளேயே நீர்த்தேக்கங்கள் அமைக்கும் யோசனை அரசுத் தரப்பிலிருந்து வெளிவந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஜின், நில்வலா நீரை வறண்ட தென்கிழக்குக்குத் திருப்பும் எண்ணம் பழையது, மீண்டும் மீண்டும் எழுவது. அம்பாந்தோட்டை விவசாயிக்குத் தண்ணீர் தேவைதான். ஆனால் தேக்கத்தில் மூழ்கும் காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடலாம் என்ற வாதத்தை, விதை பற்றி மேலே சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்.

காட்டை ஒட்டிய லங்காகம கிராமத்துக்கான வீதி பற்றியும் கேட்பீர்கள். 2020இல் அந்தப் பணி பெரும் சர்ச்சையானது. அந்தக் கிராமத்தவர்கள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க நேர்ந்த காலமும் உண்டு. வீதி கேட்பது அவர்கள் உரிமை. என் கவலை வீதியின் அகலத்திலும், அதைத் தொடர்ந்து வரும் விடுதிகளிலும், காடு நோக்கி நகரும் தேயிலைச் சிறுதோட்டங்களிலும்தான். காட்டைச் சுற்றி வாழும் சிங்களக் கிராமத்தவர்கள் தலைமுறைகளாகக் கித்துள் சீவிப் பாணி காய்ச்சியவர்கள். கித்துள் நிழலில் வளரும். காடு இருந்தால் வருமானம். தேயிலைக்கு வெயில் வேண்டும், அதனால் கரை வரை வெட்டுவார்கள். றக்வான, தெனியாயப் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் இந்த ஓடைகளின் கீழ்ப்பகுதி நீரில்தான் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள். தேயிலைக்குத் தெளித்த களைகொல்லி மழையோடு இறங்கும்போது மீனுக்கு முன்னால் அது யாரைத் தொடும் என்று யோசிக்க வேண்டும். ஓடையின் இரு கரையிலும் பத்துப் பதினைந்து மீட்டர் மரம் விட்டுவைத்தால் நிலைமை பெரிதும் மாறும். இதை நான் உறுதியாகச் சொல்வேன். ஆய்வும் அனுபவமும் ஒன்றுபடும் இடம் இது.

இன்னும் தீராத விஷயங்களும் உண்டு. எது தனி இனம், எது ஒரே இனத்தின் வேறு கூட்டம் என்ற கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று நான் சொல்லும் பெயர்களில் சில நாளை மாறலாம். மழைப் பாங்கு மாறுவது ஓடை மீன்களை எப்படிப் பாதிக்கும் என்பது பற்றி உறுதியாகப் பேசுபவர்களைக் கொஞ்சம் ஐயத்துடன் கேளுங்கள். நீண்ட வறட்சியும் திடீர் வெள்ளமும் அடிக்கடி வந்தால் சிறிய, தனித்த கூட்டங்கள் முதலில் அடிபடும் என்ற அளவுக்குமேல் இப்போது சொல்ல முடியாது.

உங்கள் மகனை மறுபடி கூட்டிப் போங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நீர் தெளிந்திருக்கும். காலையில் போனால் பிளாக் ரூபி ஆண்கள் நிறமேறி ஒன்றையொன்று விரட்டுவதைக் காணும் வாய்ப்பு அதிகம். மடுவில் கை விடாமல், கரையில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிறு தொலைநோக்கி இருந்தால் மீனையும் அதில் அழகாகப் பார்க்கலாம். அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரமும் கிருமிநாசினியும் பூசிக்கொண்டு ஓடையைக் கடக்காதீர்கள், அவ்வளவும் நீரில் கரையும். அட்டைக் காலுறை வாங்கி அணிந்தால் போதும். பிஸ்கட் தூளை மீனுக்குப் போட வேண்டாம். வீட்டுத் தொட்டிக்குச் செர்ரி பார்ப் வேண்டுமானால் கடையில் தாராளமாக வாங்குங்கள். அது பண்ணையில் வளர்ந்ததா, ஓடையில் பிடித்ததா என்று கேட்டு, பண்ணை மீனை மட்டும் வாங்குங்கள். கிரிப்டோகொரைன் வாங்கும்போதும் அதையே கேளுங்கள்: வேரோடு ஆற்று மண் ஒட்டியிருந்தால் வேண்டாம். பிறகு ஒருநாள் தொட்டி அலுத்துப்போனால், "பாவம், அதன் ஊரிலேயே விட்டுவிடுவோம்" என்று அந்த மீன்களைக் காட்டோடைக்குக் கொண்டுபோக வேண்டாம். பண்ணையில் தொற்றும் ஒட்டுண்ணிகளும் நோய்களும் கலந்த இரத்தமும் அந்த ஓடைக்குப் போய்ச்சேரும். நல்லெண்ணத்தில் விடப்படும் இரண்டு மீன், உங்கள் மகன் பிடிக்கப் பார்த்த இரண்டு மீனைவிட அதிகத் தீங்கு செய்யும். வளர்க்க முடியாவிட்டால் வேறொரு வளர்ப்பாளரிடமோ வாங்கிய கடையிலோ கொடுத்துவிடுங்கள்.